மேல் தட்டு வோட்கா

என் தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. அதற்கும் சேர்த்து வாய் வளர்ந்துவிட்டது. பெரிய ஓட்டல் ஒன்றின் பாரில் ஊற்றிக் கொடுக்கிற வேலை. யார் வீட்டுக்குப் போனாலும் அங்கே இருக்கிற பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு பிரசங்கம் செய்யாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை என் வீட்டில் செய்தான்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கல்லீரல் பாதிக்கு மேல் போய்விட்டது, குடியை விட்டால்தான் பிழைப்பார் என்றார் டாக்டர். விடுகிற ஆளா அவர்? அழுதேன், சண்டை போட்டேன், கோபித்துக்கொண்டு அம்மா வீட்டில் போய் உட்கார்ந்தேன். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. கடைசியில் ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டேன். மலிவு வோட்காதான் ஈரலைத் தின்கிறது, விலை கூடினது பல தடவை வடிகட்டினது, அது அந்த அளவுக்குக் கெடுதல் செய்யாது என்றேன். கடையின் மேல் தட்டில் தனியாக வைத்திருப்பார்களே, கனத்த கண்ணாடியில், அந்த பாட்டில். மனுஷர் நம்பிவிட்டார். அவர் சம்பளத்துக்கு அது வாரத்துக்கு ஒன்றுதான் கட்டுப்படியாகும். தினம் ஒன்று காலியான வீட்டில் வாரம் ஒன்று. டாக்டர் சொன்னது இது இல்லைதான். ஆனால் அவர் எழுந்து நடந்தார், வேலைக்குப் போனார். அந்த விலை குறையக் கூடாது என்று நான் வேண்டாத நாளில்லை.

தம்பியிடம் இதைச் சொல்லவில்லை. அவனிடம் சொல்வதும் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்றுதான்.

"மாமா, இதுக்கா இவ்ளோ காசு குடுக்குறீங்க?" என்றான் ஃப்ரீசரைத் திறந்து. "வோட்கான்னா சாராயமும் தண்ணியும். மீதி காசெல்லாம் பாட்டிலுக்கும் விளம்பரத்துக்கும் போகுது."

"உங்க அக்காதான் சொன்னா, இது சுத்தமானதுன்னு."

"அக்காவுக்கு என்ன தெரியும்? அது லாண்டரியில சட்டை தேய்க்குது."

நான் வாயைத் திறப்பதற்குள் கீழே கடைக்கு ஓடி, இருப்பதிலேயே மலிவான ஒன்றையும் நடுத்தரமான ஒன்றையும் வாங்கி வந்துவிட்டான். குளிரில் நாக்கு மரத்துப் போகும், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்று ஃப்ரீசரில் இருந்ததையும் வெளியே எடுத்துவைத்துக் குளிர் போகவிட்டான். ஓட்டலில் இப்படித்தான் பார்ப்பார்களாம். ஒரே செட்டில் மூன்று பூப்போட்ட கிளாஸ். அவரைச் சுவர்ப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு ஊற்றினான்.

அவர் மூன்றையும் நிதானமாகக் குடித்தார். கண்ணை மூடி யோசித்துவிட்டு ஒன்றைத் தொட்டார். "இதான் நம்ம சரக்கு. வழுக்கிட்டு இறங்குது பாரு."

அது மலிவு வோட்கா. தம்பி மேசையைத் தட்டிச் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. மூன்று பாட்டில்களையும் வரிசையாகப் பார்த்தார்.

"அப்போ அந்தக் காசுக்கு இதுல அரை டஜன் வருமே மாப்ளே."

அவர் முகத்தில் ஆஸ்பத்திரிக்கு முந்தைய அந்தப் பழைய சந்தோஷம் வந்திருந்தது. கூடப்பிறந்தவனை அப்படியே தூக்கி மாடியிலிருந்து போடலாம் போல ஆத்திரம் வந்தது.

"எனக்கும் ஊத்துடா," என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அதுவரை ஒரு சொட்டுகூட என் நாக்கில் பட்டதில்லை. நான் சுவரைப் பார்த்து நின்றேன், தம்பி மறுபடி ஊற்றி இடம் மாற்றி வைத்தான். அந்த கிளாஸ்களைத் தினமும் கழுவுகிறவள் நான். ஒன்றில் பூ பாதி அழிந்திருக்கும். விலை கூடின வோட்காவை முதலிலிருந்தே அதில்தான் ஊற்றிக்கொண்டிருந்தான், ஓட்டல் கெட்டிக்காரன். மூன்றும் தொண்டையை எரித்தன, மூன்றும் ஆஸ்பத்திரி வராந்தா வாசனை அடித்தன. அழிந்த பூவை எடுத்துக் காட்டினேன்.

"இதுதான். மத்தது ரெண்டும் தொண்டையைக் கீறுது."

குருட்டு அதிர்ஷ்டம் என்று தம்பி திரும்ப வைத்தான். திரும்பவும் எடுத்தேன். மூன்றாவது தடவை அவன் கண் கிளாஸின் பூவில் நின்றது. பிறகு என் முகத்தைப் பார்த்தான். என்ன பார்த்தானோ, அந்த வாய் அன்றைக்கு மட்டும் மூடிக்கொண்டது. "அக்கா சொல்றது சரிதான் மாமா," என்றான் மெதுவாக. மற்ற இரண்டு பாட்டில்களையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "இத்தனை வருஷமா குடிக்கிறவன் எனக்கு நாக்கு இல்ல, உனக்கு இருக்கு பாரேன்." மறுநாள் சாயங்காலம் இரண்டு கிளாஸ் எடுத்து வைத்தார். ருசி தெரிந்தவளோடு உட்கார்ந்து குடித்தால்தான் கொடுத்த காசு செரிக்குமாம். மாட்டேன் என்று சொல்ல வந்தேன். என் கிளாஸில் விழுகிறது அவர் வயிற்றுக்குப் போகாதே என்று தோன்றியது. குடித்தேன். அடுத்த நாள் கொஞ்சம் பெரிய கிளாஸாக எடுத்து வந்து உட்கார்ந்தேன். சண்டை இல்லாமல், அழுகை இல்லாமல், பாட்டிலில் பாதி என் பக்கம் வந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதும் கிடையாது.

இப்படியே சில மாதம் ஓடியது. இந்த மாதம் டாக்டர் அவர் ரிப்போர்ட்டைப் பார்த்து, "பரவாயில்லையே, குறைச்சிட்டீங்க போல," என்றார். என் வீட்டுக்காரர் பெருமையாக என்னைக் கைகாட்டினார்.

நேற்று காலை தம்பி வந்தான். லாண்டரிக்குப் போகவில்லையா என்று கேட்டான். இரண்டு சட்டையைக் கருக்கிவிட்டேன், வர வேண்டாம் என்றுவிட்டார்கள் என்றேன். டீ கிளாஸை நீட்டினேன், பாதி அவன் கால்சட்டையில் கொட்டியது. அவன் துடைக்காமல் என் கையையே பார்த்தான்.

"மாமா எப்படி இருக்காருக்கா?"

"நல்லா இருக்கார். சாயங்காலம்தான் வருவார்." கதவைச் சாத்திவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கடைக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வாடா. அவருக்குத் தெரிய வேணாம்."

"மேல் தட்டுலயா?" என்றான்.

"எதுவா இருந்தா என்ன," என்றேன். "சீக்கிரம் போயிட்டு வா."