முன்னே போகாத கால்

என் புருஷன் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறான். தெருவில் எல்லோருக்கும் அவன் 'அண்ணே'. வீட்டில் நானும் வாய் நிறைய வாங்க, போங்க என்றுதான் கூப்பிட்டேன். இங்கே அவன் என்றுதான் சொல்லப்போகிறேன். யாருக்காவது உறுத்தினால் உறுத்தட்டும்.

அடிப்பதற்கு அவனுக்குக் காரணமே வேண்டாம். சாப்பாடு சூடாக இருந்தால் வாய் வெந்துவிட்டது, ஆறியிருந்தால் புருஷன் என்ற மரியாதை இல்லை. ஒரு மத்தியானம் அறைந்த அறையில் உதடு கிழிந்தது. போதுமடா சாமி என்று நாலு துணியைப் பையில் திணித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். வாசலைத் தாண்ட வலது காலைத் தூக்கியபோது பின்னாலிருந்து இடுப்பில் ஸ்பேனர் இறங்கியது. பட்டறையில் இருப்பதிலேயே பெரியது அது. விழுந்தவளை முடியைப் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்தினான்.

இடுப்பு வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் வலது கால் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. தூக்கு என்றால் தூக்காது, ஊன்று என்றால் ஊன்றாது. கிள்ளினால் யாரையோ கிள்ளுகிற மாதிரி இருந்தது. நான் பார்த்தது சலவைக்கூடத்தில் நாளெல்லாம் நின்றுகொண்டு விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. அதுவும் போயிற்று. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், நரம்பைச் சோதித்தார்கள். எல்லாம் நார்மல் என்றார்கள். நல்ல செய்தி கேட்டு அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண் என்னைவிட வயதில் சின்னவள். அவனும் கூடவே வந்து கட்டிலருகே நின்றான், என்னைத் தனியாக எங்கே விட்டான்? அவள் என்னைப் படுக்கவைத்து வலது குதிகாலுக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்தாள். அமுக்கச் சொன்னாள். உயிரைக் கொடுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பிறகு அதை மறந்துவிட்டு இடது காலை மேலே தூக்கச் சொன்னாள். தூக்கினேன். வலது குதிகால் தானாகவே அவள் கையை நன்றாக அழுத்தியது.

"பாத்தீங்களா, காலுக்குப் பலம் இருக்கு, நரம்பும் நல்லா இருக்கு. நீங்க நினைச்சு அமுக்கும்போது மட்டும் மூளை வழி விடல. இது நடிப்பு இல்ல, நிஜமான நோய்தான். குணமாகும்."

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஆனால் அவள் அதை அவன் எதிரில் சொல்லிவிட்டாள். மெக்கானிக் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

"வயரிங் எல்லாம் சரியா இருக்காம். அப்புறம் வண்டி ஏன்டி ஓடல?"

வீட்டுக்கு வந்ததும் இதைச் சொல்லிக்கொண்டே என் ஊன்றுகோலை முட்டியில் வைத்து முறித்தான். நடடி என்று கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். கீழே விழுந்ததும் சிகரெட்டைப் பாதத்தில் வைத்து அழுத்தினான். தோல் பொசுங்கும் வாடை வந்தது, வலி வரவில்லை. அதைப் பார்த்து நான்தான் பயந்தேன். அவனுக்கு ஆத்திரம் கூடியது, இன்னொரு இடத்தில் வைத்தான்.

அடுத்த முறை போனபோது பிசியோ பெண் காலுறையைக் கழற்றிச் சூட்டுப் புண்களைப் பார்த்தாள். மெஷின் போடப்போகிறேன், கூட யாரும் இருக்கக் கூடாது என்று பொய் சொல்லி அவனை வெளியே அனுப்பினாள். மெஷின் ஒன்றும் இல்லை. நான் எல்லாவற்றையும் கொட்டினேன், ஸ்பேனர் உட்பட.

"அவர் முன்னாடி அந்தச் சோதனையைக் காட்டினது என் தப்பு," என்றாள். என் மேல் விழுந்த அடிக்கு ஒருவர் தன் தப்பு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

பிறகு என்னைப் பின்பக்கமாக நடந்து பார்க்கச் சொன்னாள். இந்த நோயில் பழகிய வழி அடைத்துக்கொள்ளும், பழகாத வழி சில பேருக்குத் திறந்தே கிடக்கும் என்றாள். கேலி செய்கிறாளோ என்று நினைத்துக்கொண்டே பின்னால் ஓர் அடி வைத்தேன். கால் வந்தது. இன்னோர் அடி வைத்தேன், ஒன்றுமே நடக்காத மாதிரி வந்தது. சுவரில் முதுகு முட்டும்வரை போனேன். எனக்குப் புரிந்துவிட்டது. முதுகைக் காட்டினால் அடி விழும் என்று இந்தக் கால் கற்றுவைத்திருக்கிறது. என்னைவிட விவரமான கால்.

அடி விழுகிற வீட்டில் இருந்துகொண்டு இதைக் குணப்படுத்த முடியாது, முதலில் வெளியே வாருங்கள் என்றாள் அவள். என் அக்காவுக்குப் போன் போட்டுக் கொடுத்ததும் அவள்தான். அக்கா தையல்காரி, மூன்று தெரு தள்ளி இருக்கிறாள். அவன் பட்டறைக்குப் போன பிறகு ஆட்டோவோடு வந்து நிற்பதாகச் சொன்னாள்.

பேசிவைத்த நாளில் வழக்கம்போல் அக்கம்பக்கத்துத் துணிகளை உட்கார்ந்தபடி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வேலை போன பிறகு அதுதான் என் பிழைப்பு. வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டு, ஒளித்துவைத்திருந்த பையைத் தோளில் மாட்டினேன். எழுந்திருப்பதற்குள், பட்டறைக்குப் போனவன் திரும்பிக் கொல்லைக் கதவு வழியாக வந்து நின்றான். பையைப் பார்த்தான். மூலையில் கிடந்த ஸ்பேனரைக் கையில் எடுத்தான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு இஸ்திரிப் பெட்டியோடு எழுந்தேன். அவனைப் பார்த்தபடியே ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனேன்.

"கிட்ட வந்தீங்க, மூஞ்சி வெந்துரும்."

அப்போதும் வாயில் மரியாதைதான் வந்தது, பழக்க தோஷம்.

அவன் ஸ்பேனரை ஓங்கினான். அது என் தோளில் இறங்கியபோதே நான் பெட்டியை அவன் முன்கையில் வைத்து அழுத்தினேன். சட்டை சதையோடு ஒட்டிக்கொண்டது. அவன் அலறிய அலறலைக் கேட்டு எனக்கு இரக்கம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஸ்பேனர் தரையில் விழுந்தது. என் வலது குதிகால் முதலில் வாசலைத் தாண்டியது. அக்கா என் இடுப்பைப் பிடித்துப் பின்பக்கமாகவே ஆட்டோவுக்குள் இழுத்தாள்.

போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம். பாதத்துத் தழும்புகளைப் பற்றி பிசியோ பெண் சாட்சி சொல்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

மறுபடி அக்காவைக் கூட்டிக்கொண்டு அவளிடம் போனபோது முன்பக்கமாக நடக்கச் சொன்னாள். கால் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றது. பின்னால் கதவு திறந்திருந்தது. அங்கே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை.

"அக்கா, எனக்குப் பின்னாடி வந்து நில்லு."

அக்கா கழுத்தில் அளவு நாடாவோடு எழுந்து வந்து, என் முதுகில் கையை வைத்தாள்.

"நின்னுட்டேன்டி. போ."

வலது கால் எழுந்தது. முன்னே வைத்தேன்.