புல் பூக்காத மாதம்

மருத்துவமனையில் கொடுத்த கையேட்டில், புல்லின் மகரந்தக் காலம் முதல் உறைபனியோடு முடிந்துவிடும் என்று போட்டிருந்தது. எங்கள் ஊரில் உறைபனியைப் பார்க்க ஃப்ரிட்ஜைத்தான் திறக்க வேண்டும். எந்தக் குளிர்தேசத்துப் புண்ணியவான் எழுதியதோ, அதை அப்படியே மொழிபெயர்த்து எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். இங்கே மழை பெய்தால் புல் பூக்கும். மழை விட்டு வெயில் அடித்தால் இன்னும் நன்றாகப் பூக்கும்.

என் கணவருக்கு விளையாட்டு மைதானத்தில் புல் பராமரிக்கும் வேலை. என் மகளுக்குப் புல்லின் மகரந்தம் ஆகாது. கடவுளுக்கு விளையாட வேறு குடும்பம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

மகளுக்கு ஏழு வயது. குருவி என்று அவர்தான் கூப்பிட ஆரம்பித்தார், பிறகு எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது. மைதானத்துக் கேட் சாத்தும் சத்தம் கேட்டால் போதும், செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் அவர் இடுப்பில் தொங்குவாள். பெற்றவள் ஒருத்தி வீட்டில் இருப்பதே அப்போது அவளுக்கு நினைவிருக்காது. எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.

முதலில் தும்மல் வந்தது. அப்புறம் கண்ணரிப்பு. அப்புறம் படுத்தால் நெஞ்சுக்குள் விசில் சத்தம். சளி என்று நினைத்து மருந்தாக வாங்கி ஊற்றினேன். கடைசியில் ஒரு டாக்டரம்மா அவள் முன்கையில் வரிசையாகச் சொட்டுகள் வைத்து ஊசியால் லேசாகக் கீறினார். தூசி, பூனைமுடி, கரப்பான் எல்லாம் சாதுவாக இருந்தன. புல்லுக்கு வைத்த சொட்டு மட்டும் கொசுக்கடி போலத் தடித்து எழும்பியது. கூட வந்திருந்த என் கணவர் அந்தத் தடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நகக்கண்ணில் எப்போதும் போலப் பச்சைக் கறை.

"எந்த மாசத்துல அதிகமா இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"மாசமா? சேர்ந்தாப்புல நாலு நாள் நல்லா மூச்சு விட்டாலே எங்களுக்கு அதிசயம்" என்றேன்.

"அப்பா வேலையிலேர்ந்து வந்தா முதல்ல குளிக்கணும், துணி மாத்தணும். அதுக்கப்புறம்தான் குழந்தையைத் தொடணும்."

அன்றிலிருந்து அவர் பின்வாசல் வழியாகத் திருடன் மாதிரி வீட்டுக்குள் வந்தார். நான் நடுவீட்டில் குருவியின் கவுனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "போகாதடி, அப்பா இன்னும் குளிக்கல!" அவள் திமிறுவாள், அழுவாள், என்னைக் கிள்ளுவாள். குளியலறைக்குள்ளிருந்து அவர், "வந்துட்டேன் குருவி, வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே சோப்புப் போடுவார்.

ஊரின் மகரந்த அளவு தினமும் காலையில் போனில் வரும். அளக்கிற கருவி இருப்பது நகரத்தின் நடுவில் ஏதோ ஒரு கல்லூரி மொட்டைமாடியில். எங்கள் வீடோ மைதானத்தை ஒட்டி. அடுத்த ஊர் மழையில் நம் வீட்டுத் துணியா நனையும்? ஆனால் அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

ஒரு விடுமுறை நாளில் 'குறைவு' என்று வந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை, அதில் இடுப்பளவுக்குப் புல் வளர்ந்து பூத்து நின்றது. அதை ஒழித்தால் பிள்ளைக்கு நல்லது என்று மெஷினைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார். மைதானத்தில் அவர் புல்லை விரலளவுக்கு மேல் வளரவே விட்டதில்லை. இடுப்பளவுக்குப் பூத்ததை வெட்டி அவருக்குப் பழக்கமே கிடையாது. வெட்டினால் என்ன கிளம்பும் என்று அவருக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அப்பா என்ன செய்கிறார் என்று பார்க்கக் குருவி சமையலறை ஜன்னலைத் திறந்திருக்கிறாள். நான் வந்து பார்த்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நீலம். இன்ஹேலரை அழுத்தினேன், கேட்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி டாக்சியை நிறுத்தினேன். அவர் தலையெல்லாம் மகரந்தப் பொடியோடு ஓடிவந்து கார் கதவைப் பிடித்தார்.

"நீங்க ஏறாதீங்க! உங்க மேல பூரா அதுதான் இருக்கு!"

அவர் கையை எடுத்துவிட்டார். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியவில்லை.

பிழைத்துக்கொண்டாள். "புல்பூண்டு இல்லாத ஊர் எங்கயாவது சொந்தக்காரங்க இருக்காங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். என் அக்கா இருக்கிறாள், கடலோரத்தில், மணலும் பாறையுமான ஊரில், ஒன்பதாவது மாடியில். நாங்கள் மூன்று பேரும் போகலாம் என்றுதான் சொன்னேன். அவர் அங்கே போய் ஒரு வாரம் வேலை தேடி அலைந்துவிட்டு வந்தார்.

"புல்லே இல்லாத ஊர்ல புல் வெட்டறவனுக்கு யாரு வேலை குடுப்பா?" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல், "நீங்க ரெண்டு பேரும் போங்க. அவளுக்கு மூச்சு வரட்டும்" என்றார்.

மூச்சு வந்தது. விசில் நின்றது. குருவிக்குக் கன்னத்தில் சதை பிடித்தது, பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் சேர்ந்தாள். நான் நிம்மதியாகத் தூங்கினேன், அந்த நிம்மதிக்காக என்னை நானே திட்டிக்கொண்டேன். அவர் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து வருவார்.

போன தடவை வந்தபோது கிளம்பும் முன்பே குளித்திருக்கிறார். போதாதென்று இங்கே பஸ் நிலையத்துக் கட்டணக் குளியலறையிலும் குளித்துவிட்டு, மடிப்புக் கலையாத புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கதவைத் திறந்ததுமே சோப்பு வாசனை. வாசலிலேயே மண்டியிட்டு இரண்டு கையையும் விரித்தார்.

குருவி ஓடிவந்தாள். எட்டித் தொடும் தூரத்துக்கு முன்னால் தானாகவே நின்றுவிட்டாள். யாரும் அவள் கவுனைப் பிடிக்கவில்லை.

"குளிச்சிட்டியாப்பா?"

"அடியே, குளிச்சிட்டுத்தான்டி..." என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

"இல்லடா கண்ணு, மறந்துட்டேன். இதோ, ஒரு நிமிஷம்."

மூன்றாவது முறையாகக் குளிக்கப் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "வந்துட்டேன் குருவி" என்ற குரல் மட்டும் கேட்கவில்லை. அதற்குள் கீழேயிருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். "அப்பா வர்ற வரைக்கும் இருடி" என்றேன். "அப்பா குளிக்கட்டும்மா, நான் வந்துடறேன்" என்று பறந்துவிட்டாள்.

அவர் தலையில் நீர் சொட்டச் சொட்ட வெளியே வந்தார். கூடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். சிமென்ட் தரையில் மற்ற பிள்ளைகளை முந்திக்கொண்டு குருவி ஓடிக்கொண்டிருந்தாள்.

"நல்லா ஓடறா, இல்ல?" என்றார்.

"ஆமா, நல்லா ஓடறா" என்றேன்.