தாழ்மை வாரம்

எரிசா லுவன்யாகா அந்த வாரம் முழுவதும் தாழ்மையாக இருப்பதென்று முடிவு செய்திருந்தார். முடிவு செய்த நாளிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவர் துணைத் தலைமையாசிரியர். ஒன்பது வருஷமாகத் துணை. தேவாலயப் பாடகர் குழுவில் துணை நடத்துனர். தந்தையர் சங்கத்தில் இரண்டு தடவை துணைத் தலைவர். இப்போது சங்கத்தின் தலைவர் பதவி காலியாகியிருந்தது. பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சொல்லை உரித்துப் போட இதை விட்டால் வேறு வாய்ப்புக் கிடையாது. வயது ஐம்பத்தாறு ஆகிவிட்டது.

ஆனால் தலைமைப் போதகர் காம்யா இம்முறை கைதூக்கித் தேர்ந்தெடுக்க விடவில்லை. ஆண்டவர் சீடர்களின் காலையே கழுவினார், நம் ஆண்களோ தாங்கள் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவுவதில்லை என்று ஒரு பிரசங்கம் செய்துவிட்டுத் திட்டத்தை அறிவித்தார். தலைவராக ஆசைப்படுகிறவர்கள் ஒரு வாரம் மனைவியின் வேலை அத்தனையும் செய்யவேண்டும். மனைவி கையை அசைக்கக் கூடாது. வியாழக்கிழமை போதகரே வீடு வீடாக வந்து, கண்ணால் பார்த்ததை நோட்டில் எழுதிக்கொள்வார். ஞாயிறன்று மனைவி சபை முன் எழுந்து சாட்சி சொல்லலாம்; ஆனால் நோட்டில் இருப்பதுதான் செல்லும். ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். எல்லாரும் என்றால் இரண்டு பேர்.

இன்னொருவர் செப்பிரியா கலூலே, மருந்துக்கடைக்காரர். அவர் திங்கட்கிழமையே மனைவியின் துணிகளை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு, வீட்டுக் குழாயை விட்டுவிட்டு, மசாக்கா சாலை ஓரத்துப் பொதுக்குழாயில் போய்த் துவைத்தார். போகிற வருகிற வண்டியெல்லாம் பார்த்தது. செவ்வாயன்றும் அதே துணிகளைத்தான் துவைத்தார் என்று பேச்சு.

அதைக் கேட்டதிலிருந்து எரிசாவுக்கு உடம்பில் எறும்பு ஊறியது. வீடு பெருக்கினார், பாத்திரம் கழுவினார். எல்லாம் சுவருக்குள் நடந்தது. யார் பார்த்தார்கள்? அதனால் வியாழக்கிழமைக்கென்று தனி ஏற்பாடு செய்தார். பலா மரத்தடியில், சாலையிலிருந்து நேராகக் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து, முக்காலி போட்டார். புதிதாக வாங்கிய வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மத்தோக்கே வாழைக்காயை உரிக்க உட்கார்ந்தார். நாலு காய்க்கு ஒருதரம் எழுந்து போய்ச் சாலையைப் பார்த்துவிட்டு வந்தார். வாழைப்பால் பட்டுக் கையெல்லாம் கறுத்தது. அதைத் துடைக்க வேண்டாமென்று விட்டுவைத்தார். பார்க்க நன்றாக இருந்தது. அவர் மனைவி மெரப் நிழலில் விரித்த பாயில் காலை நீட்டிக்கொண்டு, இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வாரம் கிடைக்கவில்லையே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணி வாக்கில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. எரிசா முதுகை வளைத்து, முகத்தில் கொஞ்சம் களைப்பை வரவழைத்துக்கொண்டார்.

வண்டியிலிருந்து இறங்கியது போதகர் அல்ல. மாமியார் எசேசா.

பகண்டா இனத்தார் வீடுகளில் மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. தொட்டுவிட்டால் கைநடுக்கம் வந்துவிடும் என்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவராக இருந்து பேசிக்கொள்ளலாம், அவ்வளவுதான். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று எரிசா சங்கத்தில் இரண்டு தடவை பேசியிருக்கிறார். பேசிய அதே எரிசா இப்போது காய்க்கூடையைத் தூக்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, பக்கத்திலிருந்த கதவுக்குள் பாய்ந்தார். உள்ளே போய்க் கண்ணைத் திறந்தால், சமையல்கட்டு.

முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வருவதாக எசேசா மகளிடம் சொல்வது கேட்டது. நாலு மணிக்குத்தான் அதே வண்டி திரும்பி வரும், அதுவரை காலை அசைக்கக் கூடாதாம். அவர் பாயில் உட்கார்ந்துவிட்டார். பாய் சமையல்கட்டு வாசலுக்கு நேர் எதிரே கிடந்தது. சமையல்கட்டுக்கு வேறு வாசல் கிடையாது.

வேறு வழியில்லாமல் எரிசா அடுப்பைப் பற்றவைத்தார். புகை போகிற துவாரம் ஒரு கை அகலம்தான். கண் எரிந்தது. காயை இலையில் கட்டினால் ஒரு பக்கம் பிதுங்கியது. ஒருவழியாகப் பானையில் ஏற்றிவிட்டு, கதவிடுக்கில் காதை வைத்துச் சாலைச் சத்தத்தைக் கேட்பதும், அடுப்புக்கு ஓடுவதுமாக இருந்தார்.

"மாப்ள," என்று வெளியிலிருந்து குரல் வந்தது. "பானையில தண்ணி வத்திருச்சி. வாசம் வருது பாருங்க."

தண்ணீர்க் கேன் முற்றத்தில் இருந்தது. எரிசா தணிந்த குரலில் மெரப்பைக் கூப்பிட்டார்.

"நான் கைய அசைக்கக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டது யாரு, லிதியா அப்பா?" என்றாள் மெரப்.

"அடியே, உள்ள மனுஷன் புகையில வேகுறாரு," என்று தாய் அதட்டினார். மெரப் யோசித்தாள். பிறகு எழுந்து, கேனைக் காலால் தள்ளித் தள்ளி வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். கையெழுத்துக்குப் பங்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு எசேசா சுவருக்கு அப்பாலிருந்தே சமையலை நடத்தினார். தீயைக் குறைக்கச் சொன்னார், நிலக்கடலைக் குழம்பை விடாமல் கிண்டச் சொன்னார், இலையோடு வைத்து எப்படி அமுக்கிப் பிசைவது என்று சொல்லிக்கொடுத்தார். எரிசா எல்லாவற்றுக்கும் "சரிங்கம்மா" போட்டார். காது மட்டும் சாலையில் இருந்தது.

பன்னிரண்டு மணிக்குப் போதகர் வந்தார். கூடவே அவருடைய பையைச் சுமந்துகொண்டு செப்பிரியா. தன் வீட்டுப் பார்வை முடிந்ததும், போதகர் பை தூக்கலாமா என்று தானாகவே கிளம்பி வந்திருக்கிறார்.

முற்றத்தில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முக்காலி காலியாக இருந்தது. நம் ஊழியக்காரர் எங்கே என்று போதகர் கேட்டார். உள்ளே சமைக்கிறார், அம்மா இங்கே இருக்கிறதால் வரமுடியவில்லை என்று மெரப் சொன்னாள். போதகரும் பகண்டா வீட்டில் பிறந்தவர்தான், அவருக்குப் புரிந்தது. ஆனாலும் கண்ணால் பார்த்ததைத்தானே எழுதமுடியும் என்று பேனாவைத் தட்டினார். நாலு அடி நடந்து எட்டிப் பார்த்திருந்தால் முடிந்திருக்கும். ஒரு தலைமைப் போதகர் சமையல்கட்டுக்குள் தலையை நீட்டுவதா? திட்டம் ஆண்களுக்காகப் போட்டது, போதகர்களுக்கு அல்ல.

எரிசா கதவிடுக்கில் முகத்தை வைத்துத் துடித்தார். ஒரே ஒரு அடி எடுத்து வெளியே வைத்தால் போதும். கறுத்த கை, சிவந்த கண், கரி பிடித்த ஏப்ரன். இதைவிடத் தாழ்மை எந்தக் கடையில் கிடைக்கும்?

"மாப்ள," என்றார் எசேசா, யாருக்கும் கேட்காதபடி அல்ல, எல்லாருக்கும் கேட்கும்படியாகவே. "நான் வேணா முந்தானைய மூஞ்சி மேல போட்டுக்கறேன். நீங்க வந்து நின்னுட்டுப் போங்க. எழுதிக்கட்டும்."

எழுபத்தெட்டு வயசுக் கிழவி, ஊசி போட்ட காலோடு, போதகர் முன்னால் தலையைத் துணியால் மூடிக்கொண்டு மூட்டைமாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். மருமகன் தாழ்மையானவர் என்று ஊருக்குத் தெரிவதற்காக. எரிசா சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவர் கால் வாசற்படிவரை போய்விட்டது. அங்கே நின்று ஏப்ரனைப் பிசைந்தார், பின்னால் வந்தார், மறுபடி முன்னால் போனார்.

"வேணாம்மா," என்று கடைசியில் சொன்னார். குரல் அவருக்கே பிடிக்கவில்லை. "நீங்க உக்காந்தபடி உக்காருங்க. சாப்பாடு ஆயிருச்சி."

பரிமாற ஆள் வேண்டுமே என்றார் போதகர். அந்த நொடிக்காகவே பிறந்தவர்போல் செப்பிரியா பையைக் கீழே வைத்தார். வாசலுக்கு வந்து, எரிசாவின் கையிலிருந்து இலைப்பொதியை வாங்கி, போதகர் முன்னால் கொண்டுபோய், அந்த ஊர்ப் பெண்கள் பரிமாறும்போது செய்வதுபோல இரண்டு முழங்காலும் மண்ணில் படும்படி மண்டியிட்டு வைத்தார். கைகழுவத் தண்ணீர் ஊற்றினார். பெண்களுக்கும் ஒரு பொதி போனது. போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பிட்டுவிட்டு, வெகுநேரம் எழுதினார். கிளம்பும்போது அவர் செப்பிரியாவைத் "தலைவரே" என்று கூப்பிட்டது அடுப்புவரை கேட்டது.

எரிசா அடுப்பருகே உட்கார்ந்துவிட்டார். கரண்டியை எடுத்தார், வைத்தார். சமைத்தது யார், மண்டியிட்டது யார்? ஓடிப்போய்ச் சாலையில் மறித்துக் கேட்கலாமா என்று வந்தது. வாசலுக்கு நேரே மாமியார்.

"மாப்ள, இன்னும் கொஞ்சம் இருக்குமா? ரொம்ப நாளாச்சி இப்படி வாய்க்கு ருசியா சாப்ட்டு."

எரிசா தனக்கென்று எடுத்துவைத்த ஒரு பொதிதான் மிச்சம். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. மெரப் வாசலில் வந்து கையை நீட்டினாள். எரிசா அவள் கையில் அதை வைத்தார். போட்டி முடிந்துவிட்டதால், அவள் கையை அசைத்தால் கேட்பாரில்லை.

கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள், ஞாயிற்றுக்கிழமை சாட்சியில் என்ன சொல்லட்டும் என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லவேணாம்," என்றார் எரிசா. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். சொன்னதும் நெஞ்சு லேசானதுபோல இருந்தது. கூடையிலிருந்து ஒரு காயை எடுத்து, தனக்காக உரிக்க ஆரம்பித்தார். பாதி உரித்தார். நிறுத்தினார். எழுந்து கதவிடுக்குக்கு வந்தார்.

"மெரப், ஏன் ஒண்ணும் சொல்லலன்னு யாராவது கேட்டா மட்டும் சொல்லு."

பாயில் மாமியார் சிரிக்கிற சத்தம் கேட்டது. நாலு மணிக்கு இன்னும் நெடுநேரம் இருந்தது. எரிசா உட்கார்ந்து மீதிக் காயை உரித்தார்.