பேரிங் சத்தம்

என் அண்ணனுக்கு மூக்குமேல் கோபம் என்றால், எனக்கு அதைவிட ஒரு முழம் அதிகமாக வீம்பு. நுரையீரல் முக்கால்வாசி போய்விட்டது, இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே மனிதர் மூச்சு வாங்க வாங்க என் பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"டேய், என் வண்டிய எடுத்துக் குடு. நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். ஒரே ஒரு ரவுண்டு."

அவர் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே சீட்டு, மேலே மடக்குகிற துணிக்கூரை. மூன்றாவது குழந்தை பிறந்ததும், "அஞ்சு பேரும் ஒருத்தர் தலைமேல ஒருத்தர் உக்காந்து போறதா?" என்று அண்ணி கேட்க, ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடியவர்தான். இருபத்திரண்டு வருடம் திரும்பிப் பார்க்கவில்லை.

தார்ப்பாயை நீக்கினால் சீட்டுப் பஞ்சில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. பெட்ரோல் டேங்க்கில் பெட்ரோலைவிடத் துரு அதிகம். டயர் நான்கும் சப்பை. மூன்று வாரம் வேறு வேலை எதையும் தொடவில்லை. டேங்க்கைக் கழுவி, கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்து, பிரேக்கை முழுசாகப் புதுசு பண்ணி, டயர் மாட்டினேன். ஒரு சனிக்கிழமை காலையில் சாவியைத் திருப்பினேன். இருமியது, புகை கக்கியது, பிடித்துக்கொண்டது!

அண்ணன் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து ஏறி உட்கார்ந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"விட்றா. பாலம் வரைக்கும் போயிட்டு வந்துடுவோம்."

அப்போதுதான் கேட்டது. என்ஜினுக்கு அடியிலிருந்து டொக், டொக், டொக் என்று. பேரிங் தேய்ந்து, உள்ளே இரும்பை இரும்பு அடிக்கிற சத்தம். மற்றவர்களுக்கு அது கேட்கவே கேட்காது. முப்பது வருடம் என்ஜினோடு மாரடித்தவனுக்கு அதைத் தவிர வேறெதுவும் கேட்காது.

"பேரிங் அடிக்குதுண்ணே. இதோட ஓட்டினா என்ஜின் காலி. நடுரோட்டுல நின்னா யாரு தள்றது?"

"நீதான் தள்ளணும். நானா தள்ளுவேன்?"

சிரித்தேன். சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பி அணைத்தேன். அரைகுறை வேலை என் பட்டறையில் கிடையாது என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அண்ணன் கொஞ்ச நேரம் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்.

என்ஜினை இறக்கினேன். லேத் பட்டறைக் கடைசல்காரனிடம் கொடுத்தால், "இந்த அளவுக்குப் பேரிங் எங்க இருக்கு? புதுசா வார்த்துத்தான் எடுக்கணும்" என்றான். அவன் வார்த்தது ஒருமுறை பிசகியது. திருப்பி அனுப்பினேன். அண்ணன் போனில் கேட்கும்போதெல்லாம், "இதோ ஆச்சுண்ணே, அடுத்த வாரம்" என்றேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவர் வண்டியைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். ரொம்ப வலிக்கிறதா என்று நான் கேட்டேன். பரவாயில்லைடா என்றார்.

என்ஜினை இறக்கி ஐந்தாவது வாரம், புதன்கிழமை, பேரிங் பொருந்துகிறதா என்று அளந்துகொண்டிருந்தபோது அண்ணி போனில் கூப்பிட்டார். அண்ணன் போய்விட்டார். கையில் இருந்ததைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் எண்ணெய்க் கையோடு ஓடினேன்.

காரியமெல்லாம் முடிந்து நாலு மாதம் கழித்து வண்டியை முடித்தேன். வேறென்ன செய்வது, தொட்ட வேலை. அண்ணி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். என்ஜின் ஓடுகிறதா என்றே தெரியாது, அப்படி ஓடியது. அண்ணி வெளியே வந்து பார்த்தார். ஏறவில்லை.

"இனி எத்தனை வருஷம் ஓடும், தம்பி?"

தொழில் புத்தி, வாய் முந்திக்கொண்டது.

"இருபது வருஷத்துக்குக் கவலையே இல்ல அண்ணி."

அண்ணி தலையாட்டினார்.

"அவருக்குப் பத்து நிமிஷம் ஓடியிருந்தா போதுமே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன்.