பதினேழாவது படிவம்

அந்தக் குடிநீர் அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'திருப்தி சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். பணியாளர் பிரிவில் எழுத்தர். வருஷா வருஷம் தலைமை அலுவலகத்திலிருந்து நாற்பத்திரண்டு பணித் திருப்திப் படிவங்கள் வரும், ஆளுக்கு ஒன்று. யார் நிரப்புவது? குழாய் பழுது பார்க்கிறவர்களுக்கு நேரமில்லை, மற்றவர்களுக்கு மனமில்லை. முதல் வருஷமே மேலாளர் சொல்லிவிட்டார்: "நீங்களே போட்டு அனுப்பிடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமா போகும்."

புண்ணியம் அன்றைக்குப் பிடித்ததுதான், விடவில்லை. கையெழுத்தை மட்டும் எல்லோரும் முன்கூட்டியே போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மிச்சமெல்லாம் இவர். மூன்று பேனா, சிலதுக்கு இடது கை, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: 'மிக்க திருப்தி'. இதனால் யார் குடி கெட்டது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அவர் மனைவி வேறு ஊரில் அரசு மருத்துவமனையில் நர்ஸ். மகளும் அங்கேதான். ஆறு வருஷமாக இவர் அங்கே இடமாற்றம் கேட்டு எழுதுகிறார். மாதம் ஒரு முறை ஏழு மணி நேரம் பஸ்ஸில் போய் இறங்கினால், மகள் கதவைத் திறந்து, "அம்மா, அப்பா வந்திருக்காங்க" என்பாள், விருந்தாளி வந்த மாதிரி. முன்பெல்லாம் சுருக்கென்று இருக்கும். இப்போது அதுவும் இல்லை.

இந்த முறை அந்த ஊரில் இடம் காலி. கேட்டது இவர் ஒருவர்தான். மனைவி அலமாரியில் இவர் துணிக்கு இரண்டு தட்டு ஒழித்தே வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. பிரிவின் தபாலைப் பிரிப்பது இவர் வேலை. தன் தலையெழுத்தைத் தானே பிரித்து, பதிவேட்டில் எண் போட்டு, அப்புறம்தான் படித்தார். 'ஆறு ஆண்டுகளாகத் தற்போதைய பணியிடத்தில் மிக்க திருப்தி தெரிவித்திருப்பதால், கோரிக்கை தற்போதைக்கு ஏற்கப்படவில்லை. இவ்வாண்டுப் படிவம் கிடைத்தபின் இறுதி முடிவெடுக்கப்படும்.'

"அட கொடுமையே! உங்களுதையுமா அப்படிப் போட்டீங்க?" என்றார் மேலாளர்.

"கட்டோட கட்டா போயிடுச்சு சார்."

"சரி விடுங்க. இந்த வருஷக் கட்டும் வந்தாச்சு. உங்களுத மட்டும் உள்ளபடி போடுங்க. மத்ததெல்லாம் வழக்கம்போல. சாயங்காலத் தபால்ல போகணும். எண் போட்ட படிவம், ஞாபகம் இருக்கட்டும். அடிச்சுத் திருத்தினா செல்லாது."

மனைவிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார்.

"ஆறு வருஷமாவா?"

"ஆமா."

"இந்தத் தடவையாவது மறந்துடாதீங்க."

படிவங்கள் பணிமூப்பு வரிசையில் இருந்தன. இவருடையது பதினேழாவது. வரும்போது நிறுத்திக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பம்ப் ஆபரேட்டர் விடுப்புக் கடிதத்தோடு வந்து, "எத்தனை நாள் மிச்சம் இருக்கு சார்?" என்றார். கை நிற்காமலே, "நாலு" என்றார். யாரோ வைத்த டீயில் ஆடை படிந்தது. மின்விசிறி சுற்றியது. பேனா மாறியது, கை மாறியது.

கட்டு முடிந்தபோது மணி நாலு. அப்போதுதான் நினைவு வந்து, நடுவில் விரல் விட்டு எடுத்துப் பார்த்தார். பதினேழாவது. நீல மை. இருபது கேள்விக்கும் 'மிக்க திருப்தி'. 'குடும்ப வாழ்வுக்கு இப்பணியிடம் ஏற்றதா' என்பதற்கும்தான்.

அழுகை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. கோபமாவது வந்திருக்கலாம், பாழாய்ப்போன மனுஷனுக்கு அதுவும் வரவில்லை. கட்டைச் சேர்த்து நூல் சுற்றினார்.

போன் அடித்தது.

"எழுதிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"எழுதிட்டேன்."

"உள்ளபடியா?"

கடைநிலை ஊழியர் வந்து கட்டைத் தூக்கிக்கொண்டு தபாலுக்குப் போனார். அவர் முதுகு வாசல் தாண்டும்வரை இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரெண்டு தட்டுல," என்றார், "உங்க ரெண்டு பேர் துணியையே வெச்சுக்கோங்க."