நாலாவது பன்

அந்த பேக்கரியில் அடுப்பு ஒன்று, மாவு பிசையும் மேசை ஒன்று, ஆட்கள் மூன்று பேர். காலையிலேயே பன் தீர்ந்து, வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பிப் போகிற கடை. நாலாவதாக அவன் போய் நின்றான். வேலை போய் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக் கிடந்தவனை அக்காதான் தன் கணவரிடம் சேர்த்துவிட்டாள். அவன் தட்டைத் தூக்கினால் இன்னொருவர் கை சும்மா நிற்கும். மேசைப் பக்கம் திரும்பினால் யார் முழங்கையாவது இடிக்கும்.

"உன் தம்பி வந்தும் அதே பன்தான் வருது. ஒண்ணுகூட ஏறல," என்று அத்தான் அக்காவிடம் சொன்னபோது, அவன் காது கேளாதவன்போல் அடுப்புக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தான். இந்த வேலையும் போனால் எந்த முகத்தோடு அவர்கள் வீட்டில் சாப்பிட உட்காருவது?

அக்கா கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள். வாயால் சொல்லி நிறுத்தமாட்டாள். சுடச்சுட நாலு பன்னை அத்தான் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க."

முதல் பன்னை அத்தான் கண்ணை மூடி ரசித்தார். இரண்டாவது பேச்சோடு பேச்சாகப் போயிற்று. மூன்றாவதைக் கடனே என்று மென்றார். நாலாவதைத் தள்ளிவைத்தார்.

"போதும் தாயே, ஆளை விடு."

"ஏன், பன்னுல என்ன குறை?"

"பன்னுல ஒண்ணுமில்ல. வயிறு ஒண்ணுதானே இருக்கு!"

"அடுப்பும் ஒண்ணுதானே இருக்கு," என்றாள் அக்கா. "வாங்கித் திங்கிறவன் கதையை வகுப்புல ஒரு மாசம் நடத்துறேன், செஞ்சு விக்கிறவன் கதையை அடுத்த மாசம். பிள்ளைங்க ரெண்டு கதைன்னு நெனைச்சு ரெண்டு தடவை மனப்பாடம் பண்ணுதுங்க. சட்டைதான் வேற, ஆள் ஒண்ணுதான். ஒண்ணு அப்படியே நிக்க இன்னொண்ணை மட்டும் ஏத்திக்கிட்டே போனா, பலன் கொறைஞ்சுக்கிட்டேதான் வரும்."

அத்தானின் வாய் காதுவரை போயிற்று. "அப்போ என் மச்சினன்தான் நாலாவது பன்னா?"

மாவு பிசைந்தவர்கள் சிரித்தார்கள். அவனுக்குக் காது சுட்டது. கூடப் பிறந்தவளே வேலைக்கு வேட்டு வைத்துவிட்டாளே!

"ஆனா ஒண்ணு," அத்தான் விடவில்லை. "மணிக்கு எத்தனை பன்னுன்னு நான் எண்ணிச் சொல்லுவேன். உன் ருசியை எண்ண முடியுமா?"

"எண்ண முடியாது. எது மேல, எது கீழன்னு சொல்லலாம். அதுக்கு உங்க மூஞ்சியே போதும்."

சொல்லிவிட்டு ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அத்தானின் கை தானாக நாலாவது பன்னை எடுத்து டீயில் தோய்த்தது. பாதி உள்ளே போன பிறகுதான் அகப்பட்டுக்கொண்டது அவருக்கு உறைத்தது.

"பாத்தீங்களா? பன்னை மாத்தவே இல்ல. பக்கத்துல ஒண்ணு வச்சேன், அவ்வளவுதான். அவன் பக்கத்துலயும் ஒண்ணு வைங்க. கதவு ஒடைஞ்சு பின்கட்டுல கெடக்கே, அந்தப் பழைய அடுப்பு."

கதவை அவனே சரிசெய்தான். கடையில் மதியம்வரை பன் தீராமல் நின்றது. அவன் வேலையும் நிலைத்தது. பட்டப்பெயரும் நிலைத்துவிட்டது.

பல வருஷம் கழித்து, அக்காவைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்த அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. காரியம் முடிந்த மறுநாள் கடையைத் திறந்து, அத்தான் ஒரு பன்னையும் ஒரு டீயையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டீ ஆடை கட்டியது. பன்னைத் தொடவில்லை. பிறகு காலால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"டேய் நாலாவது பன்னு, பக்கத்துல வந்து உக்காரு. அப்பத்தான் உள்ள எறங்கும்."

அவன் உட்கார்ந்தான். அத்தான் பன்னைப் பிட்டு, பெரிய பாதியைத் தான் எடுத்துக்கொண்டார்.