ஆறாவது கிண்ணத்தில் இறங்காத மருந்து

வெள்ளிக்கிழமைக்குள் ஆறு கிண்ணங்களும் ஒரே அளவைக் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் என் ஆய்வேடு ஆறு மாதம் தள்ளிப்போகும். மதுரை மருந்துக் கம்பெனியில் சொல்லிவைத்திருக்கும் வேலையும் போய்விடும். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எம்.பார்ம் கடைசி வருடம் நான்.

சோதனை எளிதுதான். சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் மருந்துக் கரைசல், அடியில் நுண்துளைச் சவ்வு, அதற்கும் கீழே தண்ணீர். ஆறு மணி நேரத்தில் எவ்வளவு மருந்து கீழே இறங்குகிறது என்று அளக்க வேண்டும். முதல் கிண்ணத்தில் நன்றாக இறங்கியது. இரண்டாவதில் கொஞ்சம் குறைவு. ஆறாவதில் பாதிகூட இல்லை. மூன்று நாளாக இதே கூத்து. சவ்வை மாற்றினேன், மருந்தை மாற்றினேன், சவ்வு விற்றவனைப் போனில் திட்டித் தீர்த்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் கிண்ணங்களைக் கழுவும்போது உடன் படிக்கும் ஆலன் வந்து நின்றான்.

"ஏ செல்வி, ஆறையும் ஒரே வாளித் தண்ணியிலயா அலசுற?"

"பின்ன? ஒண்ணொண்ணுக்கும் ஒரு வாளி ஊத்தவா? எங்க ஊருல வாரத்துக்கு ஒருக்காத்தான் குழாயில தண்ணி வரும். ஒனக்கென்ன, டவுன்காரன்."

சொல்லிக்கொண்டே வாளியைப் பார்த்தேன். நுரை மிதந்தது. ஆறாவது கிண்ணம் கையில் வழுக்கியது.

எப்போதும் ஒன்று, இரண்டு என்று வரிசையாகத்தான் அலசுவேன். வாளியில் சோப்பு ஏற ஏற, பின்னால் வந்த கிண்ணங்களில் அது அதிகமாக ஒட்டியிருக்கிறது. சோப்பு ஓர் அளவைத் தாண்டினால் அதன் மூலக்கூறுகள் கூட்டம் கூடி உருண்டையாகிவிடும், மைசெல் என்பார்கள். தண்ணீரில் சரியாகக் கரையாத என் மருந்துக்கு அந்த உருண்டைக்குள் இருப்பதுதான் சுகம். ஆனால் உருண்டை பெரிது, சவ்வின் துளை சிறிது. பருத்தி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மினி பஸ் வாசலில் நிற்கிறவன் கதைதான். இதைப் பரீட்சையில் எழுதிப் பதினைந்து மார்க் வாங்கியவள் நான்!

வியாழக்கிழமை ஒவ்வொரு கிண்ணத்தையும் குழாயடியில் பத்துத் தடவை அலசினேன். தண்ணீர் சும்மா ஓடுவதைப் பார்க்க வயிறு எரிந்தது. சாயங்காலம் ஆறும் ஒரே அளவைக் காட்டின. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆலன் பரோட்டா வாங்கிக் கொடுத்தான்.

ஊருக்குப் போகும் திருச்சுழி பஸ்ஸில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். ஆய்வேடு தப்பித்தது, வேலை உறுதி என்றேன். நடந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"பத்துத் தடவயா?" என்றாள் அம்மா. "சரி, சந்தோசந்தான் தாயி. வா, கறி எடுத்து வைக்கிறேன். தின்ன தட்ட மட்டும் நீ கழுவிராத."